தஞ்சாவூரின் பத்தொன்பது அடிப் படம்

வாகனத்தின் மேல் பொருத்திய கேமராக்கள் எடுத்த படங்களைக் கணினி ஒன்றோடொன்று ஒட்டி, தொலைவிலுள்ள ஊரை இருந்த இடத்திலிருந்தே சுற்றிப்பார்க்கத் தரும் ‘தெருக்காட்சி’யைக் கூகுள் நிறுவனம் 2007 மே மாதத்தில் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் தொடங்கியது. ஆயினும் நகர்ந்து நகர்ந்து எடுத்த படங்களை இணைத்து, ஓரிடத்தை அங்கு வராதவர்க்குக் காட்டும் வேலை அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே தஞ்சாவூரில் நடந்திருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டனாக இருந்து, 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் பெரிய கோயிலுக்கு வந்தபோது, விமானத்தைத் தாங்கும் அடித்தளமாகிய அதிட்டானத்தில் முதலாம் இராசராசன் பொறிக்கச் செய்த கல்வெட்டு வரிகளைச் சுவரோரமாகக் கேமராவை நகர்த்தி நகர்த்திப் பதிவுசெய்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கண்ணாடித் தகட்டில் பூசும் ஈர ரசாயனம் இந்நாட்டு வெயிலில் சட்டென உலர்ந்துவிடும் என்பதால், முன்கூட்டியே தயாரித்து வைக்கத்தக்க மெழுகூட்டிய காகிதத்தையே அவர் நம்பினார். அதற்கு நெடுநேரம் ஒளி பட வேண்டியிருந்தமையால், குறுக்கே நடந்துபோன மனிதர் படத்தில் பதியாமலே போயினர். இன்று முகங்களை மென்பொருள் தேடிப்பிடித்து மங்கலாக்குகிறது. அன்று அந்த வேலையைக் காலமே செய்துகொண்டது.

எனினும் காண்பது வேறு, படிப்பது வேறு. ஈரக் காகிதத்தைக் கல்லில் அறைந்து மையொற்றி எடுக்கும் மைப்படிகளின் துணையால்தான், கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் இக்கோயிலின் வாசகங்கள் அச்சேறின. டிரைப்பின் பணியோ, அது வீண்செலவு எனக் கருதிய ஆளுநர் டிரெவெலியனால் 1860இல் நிறுத்தப்பட்டிருந்தது.

படமெடுக்கப் பணம் தந்ததும் அரசே, மறுத்ததும் அரசே. இந்த உறவு பிற்காலத்திலும் மாறவில்லை. 2011இல் பெங்களூரில் ஓடத் தொடங்கிய கூகுள் வாகனங்களைச் சில வாரங்களிலேயே காவல்துறை நிறுத்திற்று. 2016இல் ஒன்றிய அரசு பாதுகாப்பைக் காரணம் காட்டித் திட்டத்துக்கு இசைவு தர மறுத்தது. இதனிடையே, தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள தாஜ்மகால் முதலிய நினைவுச்சின்னங்களுக்கு மட்டும், 2013இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கதவு திறந்திருந்தது. சின்னம் காட்சிக்குரியது, தெரு காவலுக்குரியது என்ற பாகுபாடு போலும்! தெருக்காட்சி அளவீட்டை இந்திய நிறுவனங்களே செய்யலாம் என 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு நெறிமுறைகள் வகுத்த பின்னர், ஜெனிசிஸ், டெக் மகிந்திரா ஆகிய இந்திய நிறுவனங்கள் எடுத்துத் தந்த படங்களோடு 2022 ஜூலை 27 அன்று பத்து நகரங்களில் அது மீண்டும் தொடங்கியது. அப்பட்டியலில் சென்னை இருந்தது, தஞ்சாவூர் இல்லை.