முட்டை மஞ்சள் கருத் தூள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

சென்ற மாதம் எனது சாச்சி வட்ஸ்அப் விளம்பரத்தைப் பார்த்து ஒரு டின் தூள் வாங்கி வைத்திருந்தார். பேரனுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். "இது நோய் எதிர்ப்புச் சக்தி தருமாம், மகன். இதைத் தொடங்கியதால் ஜீவனியை நிறுத்திவிட்டேன்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தூளின் பின்னாலுள்ள விஞ்ஞானம் பொய்யல்ல. கோழிக்கு ஒரு கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி போட்டால், அதன் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகள் மஞ்சள் கருவிலும் சேரும். குஞ்சைப் பாதுகாக்க அல்லாஹ் அமைத்த ஏற்பாடு அது. ஜேர்மனிய வைத்தியர் பெலிக்ஸ் கிளெம்பரர் 1893இலேயே இதைக் காட்டினார். இப்பிறபொருளெதிரிக்கு இன்றைய பெயர் ஐ.ஜி.வை.

ஆனால் அது எந்தக் கிருமிக்கு எதிராக உருவானதோ, முக்கியமாக அதைத்தான் பிடிக்கும். "பொதுவான எதிர்ப்புச் சக்தி" என்று மட்டும் எழுதி, கிருமியின் பெயரைச் சொல்லாத டின்னைச் சந்தேகியுங்கள். மேலும், இது ஒரு புரதம். வயிற்றிலுள்ள அமிலம் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். கொதிக்கும் பாலில் கலந்தாலும் கெட்டுவிடும். தப்பியது குடலில் சில மணி நேரம் வேலை செய்யலாம்; இரத்தத்தில் கலந்து உடலுக்கு நிலையான நிர்ப்பீடனம் தராது.

பங்களாதேஷில் ரோட்டா வைரஸ் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. மலப்போக்கு ஓரளவு குறைந்தது; நோய் நீடித்த நாட்கள் குறையவில்லை. கவனியுங்கள்: அந்தப் பிள்ளைகளுக்கும் ஜீவனி போன்ற கரைசல் கொடுக்கப்பட்டே வந்தது. வயிற்றோட்டத்தில் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து நீரிழப்பால்தான். ஜீவனியும் வைத்தியர் தரும் சிங்க் மருந்தும் செய்யும் வேலையை எந்தத் தூளும் செய்யாது.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. முட்டை ஹலால்தான், ஆனால் குளிசையின் மேலுறை ஜெலட்டினாக இருந்தால் அது எந்த மிருகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று விசாரியுங்கள். ஹலால் சான்றிதழ் இருந்தால் அது உணவின் ஆகுமான தன்மைக்குத்தான் சாட்சி. நோயைக் குணப்படுத்தும் என்பதற்கல்ல.

சாச்சியின் பேரன், அல்ஹம்துலில்லாஹ், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தேறிவிட்டான். விரும்புவோர் வைத்தியரைக் கேட்டுத் தூளைச் சேர்த்துக்கொள்ளட்டும். அதற்காக மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.