குதிரைக்கு வழி தெரியும், மோட்டாருக்குத் தெரியாது

எலக்ட்ரிக் வண்டி, தானா ஓடுற கார்னு பேச்சு வந்தாலே நம்மள மாதிரி இன்ஜினியர்கள் சென்சார், பேட்டரி, சாஃப்ட்வேர்னு ஆரம்பிச்சிடுவோம். இன்னைக்கு எபிசோட்ல ஸ்டியரிங் பிடிக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்து இந்த வரலாற்றைப் பார்க்கலாம். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவங்க எந்த டெக்னாலஜியை ஏத்துக்கிட்டாங்க, எதைப் பார்த்துப் பயந்தாங்க, ஏன்?

முதல் ஸ்டாப், 1897, லண்டன். ஆமா, எலக்ட்ரிக் டாக்ஸி அப்பவே வந்தாச்சு. வால்டர் பெர்சின்னு இருபதுகள்ல இருந்த ஒரு இன்ஜினியர் வடிவமைச்ச பேட்டரி வண்டிகள் அந்த வருஷம் ஆகஸ்ட்ல தெருவுக்கு வந்தது. மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகம். ஓடும்போது வர்ற ரீங்காரத்தைக் கேட்டு ஜனங்க அதுக்கு 'ஹம்மிங்பேர்ட்'னு செல்லப் பேர் வெச்சாங்க.

மூணே வாரம்தான். செப்டம்பர் 10, நள்ளிரவு தாண்டின நேரம். ஜார்ஜ் ஸ்மித்னு 25 வயசு டிரைவர். போதையில எலக்ட்ரிக் வண்டியைக் கொண்டு போய் நியூ பாண்ட் ஸ்ட்ரீட்ல ஒரு கட்டடத்துல மோதிட்டார். கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினார். குடிச்சிட்டு மோட்டார் வண்டி ஓட்டினதுக்காக பிரிட்டன்ல தண்டனை வாங்கின முதல் ஆள்னு இவரைத்தான் சொல்றாங்க. அந்த லிஸ்ட்ல முதல் வண்டியே ஒரு ஈவி!

மாஜிஸ்திரேட் அப்ப ஒரு எச்சரிக்கை கொடுத்ததா பதிவு இருக்கு. மிரண்டு ஓடுற குதிரையை போலீஸ்காரங்க எப்படியாவது நிறுத்திடுவாங்க, மோட்டாரை நிறுத்துறது வேற விஷயம், அதனால மோட்டார் ஓட்டுறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு.

இங்க கொஞ்சம் நிப்போம். குதிரை வண்டிக்காரர் கண் அசந்தாலும் குதிரை சுவத்துல போய் முட்டாது. நம்ம ஊர்ல சந்தைக்குப் போயிட்டு ராத்திரி திரும்புற மாட்டு வண்டிக்காரர், துண்டை விரிச்சு வண்டியிலேயே படுத்துடுவார். மாடு வழி பார்த்து வீட்டு வாசல்ல கொண்டு வந்து நிறுத்தும். டெக் பாஷையில சொன்னா, முதல் ஆட்டோபைலட் அதுதான். மோட்டார் வந்தப்ப, கூடவே வேலை பார்த்துட்டு இருந்த அந்த இன்னொரு மூளை போயிடுச்சு. மொத்த கவனமும் டிரைவர் தலையில, பழியும் அவர் தலையில.

பெர்சி வண்டிகள் ரொம்ப நாள் தாங்கல. பேட்டரி கனத்துல டயர் தேய்ஞ்சது, குலுங்கி குலுங்கி பேட்டரித் தகடு உடைஞ்சது. 1899லயே தெருவை விட்டுப் போயிடுச்சு. அப்புறம் பெட்ரோல் வந்த கதை உங்களுக்கே தெரியும்.

நூறு வருஷத்துக்கு மேல தாண்டி அடுத்த ஸ்டாப், டெல்லி. 2010க்குப் பிறகு அங்க தெருவெல்லாம் இ-ரிக்‌ஷா. ஈவிலயே இதை விட சிம்பிளா ஒண்ணு இருக்க முடியாது. ஒரு சின்ன மோட்டார், லெட்-ஆசிட் பேட்டரி, தகரக் கூரை, அவ்வளவுதான். ராத்திரி சார்ஜ் போட்டா காலையில வண்டி ரெடி. சைக்கிள் ரிக்‌ஷா மிதிச்சு முட்டி தேய்ஞ்சவங்களுக்கு இதோட ரேஞ்ச் எவ்வளவு, டார்க் எவ்வளவுன்னு யாரும் விளக்க வேண்டியிருக்கல. மிதிக்க வேண்டாம், அது போதும்.

ஆனா அந்த வண்டிகளுக்குப் பதிவு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. பயணிகளோட பாதுகாப்பு கேள்விக்குறி ஆச்சு. 2014 ஜூலை 31ல டெல்லி உயர் நீதிமன்றம் இ-ரிக்‌ஷா ஓடக் கூடாதுன்னு தடை போட்டது. ஒரே நாள்ல பொழப்பு நின்ன டிரைவர்கள் போராட்டத்துல இறங்கினாங்க. கடைசியில 2015ல மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தி இ-ரிக்‌ஷாவுக்கு இடம் கொடுத்தாங்க.

புது டெக்னாலஜியை ஏழை டிரைவர்கள் எதிர்ப்பாங்கன்னு நாம சுலபமா சொல்லிடுறோம்ல? இங்க அவங்க டெக்னாலஜிக்காகத் தெருவுல நின்னாங்க. ஏன்னா அந்த மோட்டார் காலோட வேலையைத்தான் எடுத்துக்கிச்சு. சீட்டும் அன்னாடக் கூலியும் அவங்ககிட்டயே இருந்தது.

இப்ப அந்த சீட்டையே எடுத்துக்கிற டெக்னாலஜிக்கு வருவோம். தானியங்கி கார்களுக்கு 0ல இருந்து 5 வரைக்கும் லெவல் உண்டு. எஸ்ஏஇ அமைப்பு 2014ல கொண்டு வந்த வகைப்பாடு. நடுவுல இருக்கிற லெவல்கள்தான் டிரைவருக்குத் தலைவலி. லெவல் 2ல வண்டி ஸ்டியரிங் பிடிக்கும், பிரேக் போடும், ஆனா கண்ணெடுக்காம ரோட்டைப் பார்த்துட்டே இருக்கணும். ஒண்ணும் செய்யாம, ஆனா எல்லாத்துக்கும் தயாரா மணிக்கணக்கா உட்கார்ந்து பாருங்க. மனுஷ மூளை அதுக்குச் செஞ்சது கிடையாது.

2018 மார்ச்ல அமெரிக்காவோட டெம்பி நகரத்துல, ஊபர் சோதிச்சுட்டு இருந்த ஒரு தானியங்கி கார் ரோட்டைக் கடந்த ஒரு பெண் மேல மோதி, அவங்க இறந்துட்டாங்க. மோதுறதுக்கு 5 செகண்டுக்கு முன்னாடியே சென்சார்ல அவங்க தெரிஞ்சாங்க. ஆனா அது மனுஷர்தான்னு சிஸ்டம் சரியாப் புரிஞ்சுக்கல. சீட்ல இருந்த சேஃப்டி டிரைவர் அப்ப ரோட்டைப் பார்க்கல, அது உண்மை. அதே விசாரணை, கம்பெனியோட பாதுகாப்பு நடைமுறையிலயும் ஓட்டைகள் இருந்ததுன்னு சொன்னது. ஆனா கிரிமினல் கேஸ் கம்பெனி மேல வரல. டிரைவர் மேல வந்தது. 2023ல அவங்க குத்தத்தை ஒத்துக்கிட்டு, 3 வருஷ கண்காணிப்புத் தண்டனை வாங்கினாங்க.

1897ல ஜார்ஜ் ஸ்மித் கையில வண்டி முழுசா இருந்தது. 2018ல ஓட்டினது மெஷின். ரெண்டு தடவையும் கோர்ட்ல நின்னது டிரைவர்தான்.

அதனாலதான் ஓட்டுநர்கள் பேச்சுல கூலியும் கேஸும் திரும்பத் திரும்ப வருது. 2023ல கலிபோர்னியாவுல டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் கேட்டது, கனரகத் தானியங்கி லாரிகள்ல ஒரு மனுஷர் கட்டாயம் இருக்கணும்னு. சட்டசபை மசோதாவை நிறைவேத்தியும் கவர்னர் கையெழுத்துப் போட மறுத்துட்டார். நம்ம நாட்டுல 2017லயே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, வேலையைப் பறிக்கிற டிரைவர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டோம்னு சொன்னார்.

இதுல பிரிட்டன் ஒரு அடி எடுத்து வெச்சிருக்கு. 2024ல கொண்டு வந்த தானியங்கி வாகனச் சட்டப்படி, அனுமதி வாங்கின கார் தானா ஓடிட்டு இருக்கும்போது, அது ஓடின விதத்துக்காக சீட்ல இருக்கிறவர் மேல கேஸ் போட முடியாது. பொறுப்பு, அந்த டெக்னாலஜிக்குப் பின்னாடி நிக்கிற நிறுவனத்துக்குப் போகும். சட்டம் படிப்படியாத்தான் நடைமுறைக்கு வருது. ஜார்ஜ் ஸ்மித்தோட ஊர் இந்தக் கேள்விக்கு வர 127 வருஷம் ஆகியிருக்கு. ஆனா இது பழிக்கு மட்டும்தான் பதில். கூலிக்கு இன்னும் யாரும் பதில் எழுதல.

அடுத்த தடவை ஆட்டோலயோ கேப்லயோ போறப்ப டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க. வண்டி தானா ஓடுமான்னு கேக்காதீங்க. ஓடினா காசு யாருக்குப் போகணும், மோதினா கேஸ் யார் மேல வரணும்னு கேளுங்க. அவர் சொல்ற பதிலை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.