பத்து டாலரும் அஞ்சு டாலரும்

1972இல் பம்பாயில் தலித் பாந்தர் தொடங்கியவர்கள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இது நம்மில் பலருக்கும் தெரிந்த சேதி. கூட்டங்களில் நானே எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிறுத்தைகளை அவங்க அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்டால் ரொம்ப நாள் எனக்குப் பதில் தெரியாது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அமெரிக்க வரலாற்றை யார் சொல்லித்தரப் போகிறார்கள்? தேடிப் படித்தபோது அது என்னை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டம் சுதந்திரத்தைக் காப்பதாகச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. உள்ளே போனால், தப்பி ஓடுகிறவரைப் பிடித்து உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு. 'அடிமை' என்ற சொல்லை மட்டும் நாசூக்காகத் தவிர்த்துவிட்டார்கள். உள்நாட்டில் கலகம் என்றால் மாநிலத்துக்கு மைய அரசு காவல் தரும் என்று இன்னொரு பிரிவு. தென்மாநிலப் பண்ணையார்கள் எந்தக் கலகத்துக்குப் பயந்தார்கள் என்று நான் சொல்லணுமா? 1791இல் உரிமைச் சாசனமும் வந்தது. உரிய விசாரணை இல்லாமல் யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்றது.

அப்புறம் 1850. தப்பியோடிய அடிமைகள் சட்டம். அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'இவன் என் அடிமை' என்று உடையவன் ஒரு பத்திரம் நீட்டினால் போதும். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கிற கமிஷனருக்குக் கூலி உண்டு: அடிமைதான் என்று எழுதிக்கொடுத்தால் 10 டாலர், இல்லை என்று விட்டுவிட்டால் 5 டாலர். அனுப்பி வைப்பதில் எழுத்து வேலை ஜாஸ்தியாம், அதனால்தானாம்! 1854இல் பாஸ்டனில் ஆண்டனி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பத் தெருவில் பட்டாளத்தை நிறுத்தினார்கள். பண்ணையாரின் சொத்து அன்றைக்கு நாட்டின் பாதுகாப்பாகிவிட்டது.

1969இல் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், கறுப்புச் சிறுத்தைகள்தான் நாட்டின் உள்பாதுகாப்புக்குப் பெரிய ஆபத்து என்றார். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர்கள் போட்ட காலைச் சாப்பாட்டையும் ஹூவர் ஆபத்து என்றே உள்குறிப்பில் எழுதினார். சிகாகோவில் பிரெட் ஹாம்ப்டனுக்கு அப்போ வயசு 21. கட்சியின் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்ட ஆளே எஃப்.பி.ஐ. உளவாளி. கட்டில் எங்கே கிடக்கிறது என்பது வரை வீட்டுப் படம் வரைந்து கொடுத்தான். டிசம்பர் 4, விடியுமுன்னே போலீஸ் புகுந்தது. கையில் வாரண்டு வைத்திருந்தார்கள், முறைப்படிதான். ஹாம்ப்டனைப் படுக்கையிலேயே கொன்றார்கள். மார்க் கிளார்க்கும் செத்தார். எண்பதுக்கு மேல் குண்டுகள். உள்ளேயிருந்து வந்தது ஒன்றே ஒன்று. யாருக்கும் தண்டனை இல்லை. 1982இல் 18.5 லட்சம் டாலர் நட்டஈடு கொடுத்து முடித்தார்கள்.

இந்த ரகசிய வேலைகள் வெளியே வந்தது சனங்களால்தான். 1971 மார்ச் 8 ராத்திரி, ஊரெல்லாம் முகமது அலியின் குத்துச்சண்டையில் காதை வைத்திருந்த நேரம், பென்சில்வேனியாவில் மீடியா என்ற சின்ன ஊரில் எட்டுப் பேர் எஃப்.பி.ஐ. அலுவலகத்தை உடைத்துக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். 1975இல் செனட் குழு விசாரித்தது. உளவு பார்க்க அனுமதி கொடுக்க 1978இல் தனி நீதிமன்றம் வைத்தார்கள். 2001இல் தேசபக்திச் சட்டம் வந்து உளவுக் கயிற்றை மறுபடி தளர்த்தியது. அந்த நீதிமன்றம் இன்றும் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கிறது. உளவு பார்க்கப்படுகிறவருக்கு அங்கே அழைப்பு கிடையாது.