டிராம் ஓட்டுநரின் கைப்பிடியும் நான்கு சுவிட்சுகளும்



முள்ளிப்பட்டில் நான் பார்த்து வளர்ந்த நூல் சுற்றும் மோட்டார்களுக்கு ஒரே திசை, ஒரே வேகம்தான். போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். போன வாரம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பன் ஒரு பொம்மைக் காரை முன்னும் பின்னும், மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிக் காட்டினான். எப்படி என்றால், ‘எச் பிரிட்ஜ்’ என்றான். அதைத் தேடப் போய் நான் வந்து நின்ற இடம் 1895-ஆம் வருடத்து மெட்ராஸ்! (பி.காம். படிப்பவனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? கணக்கு பின்னால் வருகிறது.)

அந்த வருடம் மே 7-ஆம் தேதி மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். கல்கத்தாவுக்கு 1902-இலும் பம்பாய்க்கு 1907-இலும்தான் வந்தது. முதலில் தெருவுக்கு அடியில் பள்ளம் வெட்டி மின்சாரம் கொடுத்தார்கள். நம்மூர் மழைக்கு அது தாங்குமா? பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள்.

அக்கால டிராம்களில் ஓட்டுநர் முன்னால் பெரும்பாலும் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். ஒன்று திசைக்கு. டி.சி. மோட்டாரின் சுழலும் பகுதிக்குப் போகும் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டால் அது எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான். எச் பிரிட்ஜிலும் இதே வேலைதான். எச் எழுத்தின் நடுக்கோட்டில் மோட்டார், நான்கு கால்களில் நான்கு சுவிட்சுகள். குறுக்கே இருக்கும் ஒரு ஜோடியைப் போட்டால் முன்னால், மற்ற ஜோடியைப் போட்டால் பின்னால். ஒரே பக்கத்துச் சுவிட்சுகள் இரண்டையும் போட்டால் ஷார்ட் சர்க்யூட், புகைதான்! டிராமில், வேகக் கைப்பிடி ‘ஆஃப்’ நிலைக்கு வராமல் திசைக் கைப்பிடி நகராதபடி இரும்பிலேயே பூட்டு வைத்திருந்தார்கள். இன்று சிப்புக்குள் சில மைக்ரோ செகண்டு இடைவெளி விடுகிறார்கள்.

வேகம்தான் பெரிய தலைவலி. மின்தடையை நடுவில் வைத்தால் வேகம் குறையும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம் சூடாகி வீணாகும். பயணி கொடுக்கும் டிக்கெட் காசில் பாதி காற்றைச் சூடாக்கப் போனால் எந்தக் கம்பெனி பிழைக்கும்? அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டு மோட்டார்களைத் தொடராக இணைத்துக் கிளப்புவது. 500 வோல்ட் என்றால் ஆளுக்கு 250. வேகம் பிடித்ததும் இணையாக மாற்றினால் ஆளுக்கு முழு 500. மின்தடை தேவைப்படுவது ஒவ்வொரு படிக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பொம்மைக் காரில் படியே கிடையாது. சுவிட்சு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. 12 வோல்ட்டைப் பாதி நேரம் மட்டும் கொடுத்தால் சராசரி 6 வோல்ட். மின்தடை இல்லை, வீணாவது கொஞ்சம்தான்.

மெட்ராஸ் டிராம் நஷ்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரலில் நின்றது. 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் இருப்பது மூன்று ஃபேஸ் ஏ.சி. மோட்டார். அதை ஓட்டும் சர்க்யூட்டின் படத்தை நண்பன் வரைந்து காட்டினான். எச் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு ஜோடிச் சுவிட்சு, மொத்தம் ஆறு.