மாணவர் தரும் மதிப்பீடு: தாளிலிருந்து நிகழ்நிலைக்கு

ஆசிரியர் மாணவரை மதிப்பிடுதல் உலக வழக்கு. மாணவர் ஆசிரியரை மதிப்பிடுதலோ நம் நாட்டிற் பலருக்கு இன்றும் புதுமையாகவே தோன்றுகின்றது. எனினும், மட்டக்களப்பு நகருக்கு வடக்கே வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட, இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பாடநெறி முடிவில் மாணவர் கருத்தைக் கேட்டறிதல் இன்று தர உறுதிப்பாட்டின் ஓர் உறுப்பாகிவிட்டது. முன்னர் அச்சிட்ட தாளிற் பேனாவால் இடப்பட்ட அடையாளம், இப்பொழுது கைத்தொலைபேசித் திரையில் விரலால் இடப்படுகின்றது. இது கருவியின் மாற்றம் மாத்திரந்தானா, அன்றி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையேயுள்ள நம்பிக்கையையும் தொடுகின்ற மாற்றமா என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆசிரியரின் தகுதியை ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணம் கூறுமுன்னரே தன் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர்க்கும் ஆசிரியராகார்க்கும் இலக்கணம் வகுக்கின்றது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் உவமையாயின. ஆகாதவர்க்குக் கழற்குடமும், மடற்பனையும், பருத்திக்குண்டிகையும், முடத்தெங்கும் உவமையாயின. கழற்காய்களைக் குடத்திலிட்டால் இட்ட முறையில் அவை வெளிவாரா; கற்ற ஒழுங்கிற் கற்பிக்க அறியாதவன் அத்தகையன். ஒருவன் நீரூற்றி வளர்க்க, வளைந்து வேலிக்கு அப்பாற் சென்று வேறொருவன் வளவிற் காயை உதிர்க்கும் தென்னையை நம் கரையோரக் கிராமங்களில் இன்றும் காணலாம். இவ்வளவு நுட்பமாக ஆசிரியரை அளந்த நூல், அவ்வளத்தலைச் செய்யும் உரிமையை மாணவனுக்கு வெளிப்படையாக வழங்கவில்லை. மாணாக்கன் ஆசிரியரை நெருப்பில் குளிர்காய்வான்போல அகலாதும் அணுகாதும் ஒழுகவேண்டும் என்பதே அக்கால நெறியாயிற்று.

மேல்நாட்டிலோ நிலைமை வேறாயிருந்தது. இத்தாலியிலுள்ள பொலோஞ்ஞா நகரின் இடைக்காலப் பல்கலைக்கழகம் மாணவர் சங்கங்களால் ஆளப்பட்டது. பேராசிரியர்க்குக் கட்டணம் வழங்கியோர் மாணவர். ஆகவே விதி வகுத்தோரும் அவரே. மணியொலித்த பின்னர் விரிவுரையைத் தொடங்கியவரும், உரிய நேரத்தில் முடியாதவரும், கடினமான பகுதியைத் தாவிச் சென்றவரும் தண்டம் செலுத்த நேர்ந்தது. ஆசிரியரின் குறைகளை மறைவாகக் கவனித்து அறிவிப்பதற்கு மாணவரே நியமிக்கப்பட்டிருந்தனர். தமிழ் மரபில் மாணவன் அஞ்சி நின்றான்; பொலோஞ்ஞாவில் ஆசிரியர் அஞ்சி நின்றார். இவ்விரு எல்லைகட்கும் இடைப்பட்டதொரு வழியைத் தேடுவதே பிற்கால வரலாறு.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1814 ஆம் ஆண்டில் வெசுலியன் மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பிலே ஆங்கிலப் பாடசாலைக் கல்விக்கு வித்திட்டார். 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன் பின்னர் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்னும் முறை புகுந்தது. வித்தியாதரிசி வருவார்; வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார்; தேறினோர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். இம்முறை இங்கிலாந்தில் 1862 இல் வகுக்கப்பட்ட திருத்தக் கோவையின் வழிவந்தது. கவிஞரும் வித்தியாதரிசியுமாகிய மத்தியூ ஆர்ணல்ட் அதனை அப்பொழுதே கண்டித்தார். கற்பித்தல் இயந்திரத் தொழிலாகிவிடும் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் பொய்க்கவில்லை. சோதிக்கப்படுவது எதுவோ அதுவே கற்பிக்கப்பட்டது; சோதிக்கப்படாதது கைவிடப்பட்டது. அளவுகோலைப் பணத்தோடு கட்டினால் அளக்கப்படும் பொருளே திரிந்துவிடும் என்னும் இப்பாடம், மதிப்பீட்டைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கத்தகாதது.

தேர்வை மாத்திரம் துணையாகக் கொண்டு உயர்ந்தோரும் உளர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தாமே கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்வில் 1920 இல் தேறினார். 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இக்கட்டுரையாளனும் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனே. பகலிற் பாடசாலையிற் கற்பித்து, இரவிற் குறிப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் புரட்டிய அவ்வாண்டுகளில், ‘உமக்கு இப்பாடம் எவ்வாறு அமைந்தது?’ என்று எம்மை எவரும் வினவியதில்லை. வினவப்படாத மாணவன் தன் குறையைத் தன் தகுதியின்மை என்றே எண்ணிக்கொள்கின்றான். மதிப்பீட்டுப் படிவத்தின் அருமையை யான் அறிந்தது அது கிடைக்காமையாலேயே எனலாம்.

மாணவர் கருத்தை முறைப்படி அளக்கும் முயற்சி 1920களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. பேர்டியூ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஏர்மன் ரெம்மர்ஸ் விரிவுரையாளர்க்கான அளவுத்திட்டம் ஒன்றை ஆக்கினார். ஆசிரியர் தம் பணியைத் தாமே திருத்திக்கொள்ள உதவும் கண்ணாடியாகவே அத்தகைய படிவங்கள் தொடக்கத்திற் கருதப்பட்டன. காலப்போக்கில் அவை பதவி உயர்வுக்கும் நியமனத்துக்கும் சான்றாயின. கண்ணாடி தராசாக மாறியது அங்கேதான்.

இலங்கையில் அவ்வழக்கு வேரூன்றியது பிற்காலத்தே. வந்தாறுமூலையில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் முதற் கால் நூற்றாண்டு போரின் நிழலிலேயே கழிந்தது. வகுப்பு நடப்பதே பெரிதாயிருந்த காலத்திற் படிவத்தை யார் நினைப்பார்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டு முயற்சிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வலுப்பெற்றன. 2015 இல் வெளிவந்த மீளாய்வுக் கைநூல்கள், மாணவர் கருத்தை ஒழுங்காகத் திரட்டுவதையும் அதன்வழிச் சீர்திருத்துவதையும் நற்செயல்களாக வகுத்தன. பல்கலைக்கழகங்களில் உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகுகள் இயங்கலாயின.

தாள்முறை எவ்வாறு நடந்தது என்பதை எம்மிடம் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் வாயிலாக அறிந்துள்ளோம். இறுதி விரிவுரைகளுள் ஒன்றிற் படிவம் வழங்கப்படும். விரிவுரையாளர் வெளியே செல்வார். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களுள் ஒன்றில் அடையாளமிட்டு, கீழே இரண்டொரு வரி எழுதி, பெயரின்றி உறையிலிட்டு ஒப்படைப்பர். வகுப்பில் இருந்தோர் ஏறக்குறைய அனைவரும் எழுதினர் என்பது அதன் சிறப்பு. எண்களைக் கையாற் கூட்டவேண்டியிருந்தமையும், பல கட்டுகள் அலுமாரியிலேயே உறங்கியமையும், அவ்வாண்டு வரவேண்டிய திருத்தம் அடுத்த ஆண்டும் வாராமையும் அதன் குறை. சிறு வகுப்பிற் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, எழுத்துப் பகுதியை வெறுமையாக விட்டோரும் உண்டு.

2020 மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் சூம் வழியாகவும் கற்றல் முகாமைத்துவ முறைமைகள் வழியாகவும் நடைபெற்றன. கற்பித்தல் சென்ற வழியே மதிப்பீடும் சென்றது. தாளை வழங்குவதற்கு வகுப்பறையே இல்லாதபோது கூகிள் படிவமும் அதனையொத்தனவும் இடம்பிடித்தன. கதவுகள் மீண்டும் திறந்த பின்னரும் பழைய தாளுக்குத் திரும்பவேண்டிய தேவை பலர்க்குத் தோன்றவில்லை. கூட்டலும் சராசரியும் கணப்பொழுதில் வருகின்றன, தாட்செலவு இல்லை, கையெழுத்தும் இல்லை, ஆற அமர இருந்து விரிவாக எழுதவும் இடமுண்டு. இந்நன்மைகளை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் மூன்று குறைகளை எடுத்துரைத்தல் கடன். முதலாவது, பதிலளிப்போர் தொகை. படிவத்தை வீட்டில் நிரப்புமாறு விட்டால் நிரப்புவோர் குறைவர் என்பது பல நாடுகளின் அனுபவம். பெரிதும் மகிழ்ந்தோரும் பெரிதும் வெகுண்டோரும் எழுதுவர்; இடைப்பட்டோர் மௌனமாவர். அறுபதின்மர் வகுப்பிற் பதின்மர் எழுதியதை வகுப்பின் தீர்ப்பாகக் கொள்ளுதல் தகுமா?

இரண்டாவது, வசதியின் ஏற்றத்தாழ்வு. எழுவான்கரையில் நகரையடுத்து வாழ்பவனுக்கு அலைவரிசை எளிது. படுவான்கரையின் உட்கிராமத்து மாணவிக்கோ அவ்வாறன்று. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அக்கரைக்கும் இக்கரைக்கும் அத்துறையில் ஓடமே துணையாயிருந்தது. பாலம் போட்டபின்னரும் வீதியில்லாத ஊர்க்குப் பயணம் கடினமே. அதுபோல, இணைப்பு இல்லாதார்க்கு நிகழ்நிலைப் படிவம் வழங்கியும் வழங்காததாகும்.

மூன்றாவதும் பெரிதும் அச்சமே. முறைமையினுட் புக மாணவன் தன் பதிவிலக்கத்தையும் கடவுச்சொல்லையும் இடவேண்டும். விடை பெயரின்றிச் சேமிக்கப்படும் என்று கூறப்பட்டாலும், ‘யார் எழுதியது என அறிவார்களோ?’ என்னும் ஐயம் எழுகின்றது. இவ்வையத்தைப் பேதைமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் நம் மண்ணின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கார். 1990 இல் வந்தாறுமூலை வளாகத்திலே ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. பெயர் பதியப்படுவதற்கும் அடையாளம் காட்டப்படுவதற்கும் அஞ்சி வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகளே இன்று அவ்வளாகத்திற் பயில்கின்றனர். பாடநெறிப் படிவம் அதனோடு ஒப்பிடத்தக்க பொருளன்று. எனினும் பெயர் மறையும் என்னும் உறுதிமொழி இங்கு ஏனைய இடங்களைக் காட்டிலும் கனமானது. அதனைச் சொல்லால் மாத்திரமன்றிச் செயலாலும் காத்தல் வேண்டும்.

ஆசிரியர் பக்கத்து நியாயமும் உண்டு. 2017 இல் ஊட்ல் முதலிய ஆய்வாளர் கனடாவிலிருந்து வெளியிட்ட தொகுப்பாய்வு, மாணவர் வழங்கும் எண்ணுக்கும் மாணவர் உண்மையிற் கற்ற அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றது. 2018 இல் தொறன்ரோவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தற் திறனை அளக்க அவ்வெண்களைப் பயன்படுத்தலாகாது என நடுவர் தீர்ப்பளித்தார். மாணவனே அறியக்கூடியவை சில: விரிவுரை கேட்டதா, குறிப்பு தெளிவாயிருந்ததா, ஒப்படை உரிய காலத்தில் திருத்தப்பட்டதா, வினாவெழுப்ப இடமிருந்ததா என்பன. பாடப்பொருளின் ஆழத்தை அளக்கச் சக ஆசிரியரே தக்கார். இருவகை அளவையும் ஒன்றாகக் குழப்புதல் பெறுபேற்றுக் கொடுப்பனவின் பிழையை மீண்டும் செய்தலாகும்.

ஆகவே செய்யத்தக்கன யாவை? நிகழ்நிலைப் படிவத்தையும் வகுப்பு நேரத்திலேயே பத்து நிமிடம் ஒதுக்கி நிரப்பச் செய்யலாம். தொலைபேசி இல்லாதார்க்குத் தாளும் இருக்கட்டும். தேர்வுப் பெறுபேறு வெளிவருமுன் மதிப்பீட்டை விரிவுரையாளர்க்குக் காட்டாதிருக்கலாம். மிகச் சிறிய வகுப்பின் விடைகளைத் தனியே வெளியிடாது, பிற பருவங்களோடு சேர்த்து நோக்கலாம். வெளிவாரி மாணவரையும் வினவலாம். இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. சென்ற ஆண்டு மாணவர் கூறியவற்றுள் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை இவ்வாண்டு முதல் வகுப்பிலே விரிவுரையாளர் தாமே எடுத்துரைத்தல் வேண்டும். தம் சொல் கேட்கப்பட்டது என்று அறிந்த மாணவன் அடுத்த முறை தானே எழுதுவான்.

நன்னூலார் ஆசிரியரை நிறைகோலுக்கு ஒப்பிட்டார். ஐயந்தீர்ப்பதும் நடுநிலை பிறழாமையும் அதன் இயல்பு. இன்று அந்நிறைகோலே நிறுக்கப்படுகின்றது. அதில் இழிவொன்றுமில்லை, கடையிலுள்ள தராசையும் ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரை இடுகின்றோமன்றோ? பரிசோதிக்கும் படிக்கல் பழுதற்றதாயிருத்தலே வேண்டுவது. தாளாயினும் திரையாயினும், அஞ்சாது எழுதும் மாணவனும் சினவாது வாசிக்கும் ஆசிரியனும் உள்ள இடத்திலேயே மதிப்பீடு பயன்தரும். அவ்வஞ்சாமையையும் அச்சினவாமையையும் பல்கலைக்கழகத்தில் திடீரெனப் பெறமுடியாது. அவை நம் போன்ற பாடசாலைகளின் வகுப்பறைகளிலேயே தொடங்குதல் வேண்டும் என்பதை ஆசிரிய உலகம் சிந்திப்பதாக.