பத்து பவுண்டு வரியும் நானூறு கிலோமீட்டர் நடையும்

சான்பிரான்சிஸ்கோவுக்குச் சீன மொழியில் இன்றும் 'பழைய தங்கமலை' என்றுதான் பெயர். அப்படியென்றால் புதிய தங்கமலை எது? ஆஸ்திரேலியா!

1851-ல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த சேதி பரவியதும், தென்சீனாவின் குவாங்டங் பகுதி ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். ஊரில் வறுமை, போர். கப்பல் கட்டணமே பெரும்பாலும் கடன்தான். தங்கம் எடுத்துத்தான் அடைக்க வேண்டும். வந்தவர்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. 1855-ல் விக்டோரியா அரசு சட்டம் போட்டது. வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி. கப்பலின் 10 டன் கொள்ளளவுக்கு ஒரு சீனர்தான் வரலாம். கப்பல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியாவில், ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே அப்போது வரி கிடையாது. ஆனால் தங்க வயலுக்கு 400 கிலோமீட்டர் நடக்க வேண்டும்! தோளில் காவடி மூங்கில், இரு பக்கமும் மூட்டை, ஒருவர் பின் ஒருவராக வரிசை. இப்படி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள்.

1857-ல் அப்படி நடந்த ஒரு கூட்டம் வழியில் ஓர் ஊற்றருகே தங்கியபோது தங்கத்தைக் கண்டது. அங்கே எழுந்த ஊர்தான் அராரட். விரட்டப் போட்ட வரியே அவர்களைத் தங்கத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தியது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம் :-)

சுரங்க வயலில் பெரும்பாலும் மற்றவர்கள் கழித்துப் போட்ட மண்ணையே இவர்கள் மறுபடி அரித்தார்கள். அதிலும் தங்கம் வந்தது. அதற்கும் எரிச்சல்! "தண்ணீரைப் பாழாக்குகிறார்கள்" என்று புகார். ஆனால் இவர்கள் தோட்டம் போட்டு விளைவித்த காய்கறியை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

1857 ஜூலை 4 அன்று பக்லண்ட் ஆற்றங்கரையில் ஒரு கும்பல் சீனர்களை அடித்து விரட்டியது. கூடாரங்கள், கடைகள், புதிதாகக் கட்டிய கோயில் எல்லாம் எரிந்தன. உயிர்களும் போயின. கைதானவர்களைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி விடுவித்துவிட்டது. கோயிலே எரிந்தும் இப்படி ஒரு தீர்ப்பு!

தலைவரிக்கு விக்டோரியா மன்னிப்புக் கேட்டது 2017 மே மாதத்தில்தான். அதற்காகச் சீன வம்சாவளியினர் சிலர் ரோபிலிருந்து மெல்போர்ன் நாடாளுமன்றம் வரை நடந்தே வந்தார்கள். முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.