லயத்தைத் தாண்டிப் போன மின்கம்பி

மலாயாவின் மின்சாரக் கதை தொடங்கும்போதே ஒரு தமிழர் பெயர் வந்துவிடுகிறது. 1894இல் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் ஜெனரேட்டர் ஒன்றை நிறுவி, அதைக்கொண்டு தண்ணீர் இறைக்கும் பம்புகளை ஓட்டினார்கள். கோயில் கட்டியவராகப் பிள்ளையை நினைவில் வைத்திருக்கும் நாம் இந்தப் பம்பை மறந்துவிட்டோம். ஆனால் கெடாவின் லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் வரிசைவீடுகளான லயங்களில் இரவு முழுக்க ஒரு பல்பு எரிவதற்கு அதன் பிறகும் பல தலைமுறைகள் ஆயின. நிலக்கரி சிலாங்கூரில் கிடந்தது, மின்நிலையமும் அங்கேயே இருந்தது, கெடாவோ எங்கோ வடக்கே என்று தொலைவைக் காரணம் காட்டுவது வழக்கம். அந்த விளக்கம் பாதி தூரம்தான் வரும். கம்பி இழுக்கும் செலவு யார் கணக்கில் ஏறுவது என்ற கேள்விதான் லயத்தை இருட்டில் வைத்திருந்தது.

தொலைவு வாதத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915 முதல் தோண்டிய கரி, குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும் வகை. கப்பலேற்றி விற்க ஏற்றதல்ல. ஆகவே ரயிலும், ஈயச் சுரங்கங்களும், கோலாலம்பூர் பங்சார் மின்நிலையமுமே அதை எரித்தன. 1953இல் கிள்ளானில் திறந்த கன்னாட் பிரிட்ஜ் நிலையம் கரி, எண்ணெய் இரண்டையும் எரிக்கும்படி கட்டப்பட்டது. அதன் 80 மெகாவாட்டும் தலைநகரையும் சுரங்கங்களையும் நோக்கியே ஓடியது. ரயில் எண்ணெய்க்கு மாறியதும் கரிக்குக் கிராக்கி குறைந்து, பத்து ஆராங் 1960இல் மூடப்பட்டது. ஆனால் அதே காலத்தில் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற கெடா ஊர்களில் ஹட்டன்பாக் என்ற தனியார் நிறுவனம் உரிமம் பெற்று மின்சாரம் விற்றுவந்தது. 1960களில் லூனாஸுக்கு மிக அருகே, பிறையில், எண்ணெய் எரிக்கும் பெரிய நிலையமே எழுந்தது. கடைத்தெருவில் கரண்ட் இருக்க, சில மைல் தள்ளிய லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்ததை எந்தத் தொலைவைக்கொண்டு விளக்குவது?

தோட்டம் தனியார் நிலம், அதில் மின்சார வாரியம் எப்படி மின்கம்பம் நடும் என்று கேட்பார்கள். சட்டப்படி சரியான கேள்விதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் கிராம வளர்ச்சிக்கென்று அரசு பணம் ஒதுக்கியபோது, அதே தனியார் நிலம் என்ற காரணம்தான் தோட்டத்தை அந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்தியது. துரைமார் கணக்கிலோ லயத்துக்குக் கம்பி இழுப்பது வீண்செலவு. சிதறிய குடியிருப்புக்குக் கம்பி இழுத்தால் கட்டுபடியாகாது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கம்பத்து (கிராமத்து) வீடுகள்தான் தென்னைக்கும் வயலுக்கும் இடையே சிதறிக் கிடந்தன. லயமோ சுவரோடு சுவர் ஒட்டி, ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்றது. வீட்டுக்கு இவ்வளவு கம்பி என்று கணக்குப் போட்டால், நாட்டிலேயே மலிவாக மின்சாரம் கொடுத்திருக்கக்கூடிய இடங்களில் லயமும் ஒன்று.

பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடியதே என்று மூன்றாவதாக ஒரு மறுப்பு வரும். ஓடியது, மாலையில் சில மணி நேரம், பிறகு நின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிய, இங்கேதான் கரி நிலையத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். மாவாக அரைத்த கரியைக் காற்றோடு கொதிகலனுக்குள் ஊதி எரிக்கிறார்கள். அந்த வெப்பத்தில் குழாய்களுக்குள் ஓடும் தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. கடல்நீரால் குளிர்ந்து மறுபடியும் தண்ணீராகிக் கொதிகலனுக்கே திரும்புகிறது. 700 மெகாவாட் அலகு ஒன்று முழு வீச்சில் மணிக்கு ஏறத்தாழ 300 டன் கரியைத் தின்னும். குளிர்ந்த கொதிகலனைச் சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் அதை இரவிலும் அணைக்க மாட்டார்கள்; ஊர் தூங்கும்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். தோட்டத்து ஜெனரேட்டரோ துரையின் டீசல் செலவைப் பார்த்து அணைந்தது. ஐஸ்பெட்டி வைக்கவோ, மறுநாள் பரீட்சைக்குப் பின்னிரவில் படிக்கவோ அது உதவவில்லை. இரண்டுக்கும் மின்சாரம் என்ற ஒரே பெயரைச் சூட்டுவது தாராளம்தான்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அரசு 1981இல் எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என நான்கு எரிபொருள் கொள்கையை வகுத்தது. கரி திரும்பி வந்தது, இம்முறை கப்பலில்: முதலில் காப்பார் மின்நிலையத்துக்கு, 2003இல் பேராக் கடலோரத்து மஞ்சோங் மின்நிலையத்துக்கு. ஆனால் தொழிலாளர் குடியிருப்பில் போதிய மின்சாரம் தருவதை முதலாளியின் கடமையாக்கிய சட்டம் 1990இல்தான் வந்தது. அதற்குள் பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டு, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. 1996இல் லூனாஸுக்குப் பக்கத்திலேயே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதன் ஆலைகளுக்கு ஒரு நொடியும் மின்சாரம் தடைபடக்கூடாது என்று எரிவாயுவில் ஓடும் தனி மின்நிலையமே கட்டிக்கொடுத்தார்கள்.